துருவைத் தடுக்கத் தாவர எண்ணெய்: எந்த இரும்புக்கு எந்தப் பூச்சு?

"இரும்புக்கு எந்த எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது?" என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன். அந்த இரும்பை மறுபடி எப்போது கையில் எடுப்பீர்கள்? அடுத்த வாரமா, அடுத்த மழைக்கு முன்னாலா, பத்து வருடம் கழித்தா? இது தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. எண்ணெயின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நல்லது, கெட்டது என்று சொல்ல முடியாது.

ஒரு முறை மழைக்காலத்துக்கு முன்னால் என் கருவிப் பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் ஆளி விதை எண்ணெய் நனைத்த துணியால் துடைத்து வைத்தேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தபோது உளிகளும் சுத்தியலும் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு பொட்டுத் துரு இல்லை. குறடு மட்டும் திறக்கவே இல்லை. இரண்டு கைப்பிடியையும் பிடித்துப் பலமாக இழுத்ததும், மூட்டுக்குள்ளிருந்து தேன் நிறத்தில் ஒரு பசை நூல் போல நீண்டு வந்தது. உளியைக் காப்பாற்றிய அதே எண்ணெய்தான் குறட்டைப் பூட்டியிருந்தது. எண்ணெயில் எந்தக் குறையும் இல்லை. காய வேண்டிய எண்ணெய், காய்ந்தது. காயக் கூடாத இடத்தில் அதை விட்டதுதான் பிழை.

காயும் எண்ணெய், காயாத எண்ணெய். இந்த ஒரு பிரிவைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

எண்ணெய் எப்படிக் காய்கிறது

சில பெயிண்டுகள் அவற்றில் உள்ள தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்கின்றன. எண்ணெய் அப்படியல்ல, அதிலிருந்து எதுவும் வெளியேற வேண்டியதில்லை. காற்றில் உள்ள ஆக்சிஜனை உள்ளே இழுத்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து வலையாகி, திடமான படலமாக மாறுகிறது. அதனால்தான் ஆளி எண்ணெய் காயும்போது அதன் எடை குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது.

கைகோப்பதற்கு மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் வேண்டும். அவை எவ்வளவு இருக்கின்றன என்பதை அயோடின் எண் சொல்லும். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினை ஏற்கிறது என்பதே அந்த எண். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டி இருக்கும். ஆமணக்கு எண்ணெய்க்கு 85 அளவில், கடலை எண்ணெய்க்கு 90-ஐச் சுற்றி, நல்லெண்ணெய்க்கு 110 அளவில். சோயா எண்ணெய் 130-ஐச் சுற்றி நிற்கும். ஆளி விதை எண்ணெய் 180-ஐ ஒட்டிப் போகும். பொதுவாக 130-க்கு மேல் போனால் காயும் எண்ணெய், 115-க்குக் கீழே இருந்தால் காயாத எண்ணெய், நடுவில் உள்ளவை அரைகுறையாகக் காய்பவை. எல்லைக்கோடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க இந்த அளவு துல்லியம் போதும்.

அப்புறம் துரு. இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தால் துரு. கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியத் தொடங்கி, துருவின் வேகம் கூடிவிடும். உப்பு சேர்ந்தால் அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே வேலை ஆரம்பித்துவிடும். துருப்பிடிப்பது ஒரு சின்ன மின்கலம் மாதிரி. ஒரு புள்ளியில் இரும்பு கரைகிறது, பக்கத்துப் புள்ளியில் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து காரம் உண்டாகிறது. இந்தக் காரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய்ப் பூச்சின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது.

எண்ணெய்ப் படலம் நீரையும் காற்றையும் முழுக்க அடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண பெயிண்ட் படலங்கள் வழியாகவே துருப்பிடிக்கப் போதுமான நீரும் ஆக்சிஜனும் உள்ளே போகின்றன என்பது 1950-களை ஒட்டிய ஆராய்ச்சிகளிலேயே தெரிந்துவிட்டது. படலம் தடுப்பது பெரும்பாலும் அயனிகளின் (மின்னூட்டம் கொண்ட துகள்களின்) ஓட்டத்தை. இரும்போடு இறுகப் பற்றிக்கொண்டு, நடுவே தண்ணீர் தேங்க இடம் கொடுக்காமல் இருப்பது இன்னொரு காவல். ஆக, பற்றுதான் முக்கியம். எவ்வளவு தடிமன் என்பது அடுத்த கேள்வி.

சில வாரம், சில மாதம் போதுமென்றால்

காயாத எண்ணெய்களின் இடம் இது. எடுத்து வைக்கும் உதிரிப் பாகம், அடிக்கடி கையில் எடுக்கும் கருவி.

தேங்காய் எண்ணெய்க்கும் ஆமணக்கு எண்ணெய்க்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் ஆமணக்கை எடுப்பேன். அதன் கொழுப்பு அமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். மற்றச் சமையல் எண்ணெய்களில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி அதில் இருக்கிறது. அதனால் உலோகத்தை நன்றாகப் பிடித்துக்கொள்ளும், கெட்டியாகவும் இருக்கும், நிறுத்தி வைத்த தகட்டிலிருந்து சீக்கிரம் வடிந்துவிடாது. தேங்காய் எண்ணெயின் நல்ல குணம், அது பிசினாக மாறுவதே இல்லை. ஆனால் மெலிசாக ஓடிவிடும், சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து திட்டுத் திட்டாக நிற்கும். உறைந்த திட்டுக்கும் திட்டுக்கும் நடுவே இரும்பு வெறுமையாக இருக்கும், துரு அங்கேதான் முதலில் தொடங்கும்.

இரண்டுக்கும் பொதுவான குறை தூசி. காயாத எண்ணெய் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தூசி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். திறந்த இடத்தில் இருக்கும் பொருளுக்கு இவை வேண்டாம். மழை பட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். பழைய, காறல் வாடை வந்த எண்ணெயையும் உலோகத்தில் தடவாதீர்கள். அதில் தனித்து நிற்கும் கொழுப்பு அமிலம் அதிகம். இரும்பைவிடச் செம்பிலும் பித்தளையிலும் இது உடனே தெரியும். எண்ணெய் பட்ட ஓரங்களில் பச்சை நிறத்தில் ஒரு பசை சேரும். அது செம்பும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த சோப்பு. பித்தளைப் பொருளுக்கு எண்ணெய் தடவி மாதக்கணக்கில் மறந்துவிடுவது அதைக் காப்பதாகாது.

சூரியகாந்தி, சோயா மாதிரி நடுவில் நிற்கும் எண்ணெய்களைப் பச்சையாகத் தடவுவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். முழுக்கக் காயாது, முழுக்க ஈரமாகவும் இருக்காது. பிசுபிசுப்பிலேயே நிற்கும். கழுவி எடுப்பதும் பெரும்பாடு.

ஒரு வருடம் தாங்க வேண்டுமென்றால்

இங்கே ஆளி விதை எண்ணெய்க்கும், டங் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய்க்கும் போட்டி.

ஆளி எண்ணெயின் கொழுப்பு அமிலத்தில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம், மூன்று இரட்டைப் பிணைப்பு கொண்டது. பச்சை எண்ணெயாக, அதாவது எதுவும் சேர்க்காமல், பூசினால் காய நாட்கணக்கில் ஆகும். 'பாயில்டு' (கொதிக்க வைத்தது) என்று விற்பது சீக்கிரம் காயும். பெயர் அப்படி இருந்தாலும் இன்று அதில் பெரும்பாலும் கொதிக்க வைப்பதைவிடக் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளை, காய்வதை வேகப்படுத்தும் டிரையராகச் சேர்ப்பதுதான் நடக்கிறது. இரும்புக்கு எது என்று கேட்டால், இரண்டுக்கும் இடம் உண்டு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தும் குழிகளில் இறுகி நிற்கும் பழைய துரு மேல், முதல் கையாக (முதல் பூச்சாக) பச்சை எண்ணெய். மெதுவாகக் காய்வதால் துருவின் இடுக்குகளுக்குள் ஊறி இறங்க அதற்கு நேரம் கிடைக்கிறது. சீக்கிரம் காயும் பூச்சுகள் இவ்வளவு பொறுமையாக உள்ளே இறங்காது. மேல் கைகளுக்குப் பாயில்டு.

பூசுவதில் ஒரே விதிதான். பூசிய மாதிரியே தெரியக் கூடாது. துணியால் தடவி, கால் மணி நேரம் விட்டு, காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்து எடுத்துவிட வேண்டும். தடிமனாக விட்டால் மேல்தோல் முதலில் காய்ந்து உள்ளே காற்று போகாமல் அடைத்துவிடும், அடியில் மாதக்கணக்கில் ஈரம் நிற்கும், மேலே சுருக்கம் விழும். இரும்பை வெயிலில் வைத்தோ லேசாகச் சூடாக்கியோ பூசினால் எண்ணெய் மெலிந்து நன்றாகப் பரவும், இடுக்கில் ஒளிந்திருக்கும் ஈரமும் போயிருக்கும்.

துடைத்த துணியைப் பற்றி இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய் ஆக்சிஜனை இழுக்கும்போது சூடு உண்டாகிறது. தகட்டின் மேல் மெல்லிய படலமாக இருக்கும்போது அந்தச் சூடு காற்றில் கலந்துவிடும். கசக்கி மூலையில் எறிந்த துணிக்குள் அது சிறைப்படும். சூடு ஏற ஏறக் காய்வதும் வேகமாகும், காய்வது வேகமாக ஆகச் சூடும் ஏறும். தீக்குச்சி இல்லாமலே தீப்பிடிக்கும். ஒரு நாள் வேலை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, உருண்டையாகக் கிடந்த துணியை எடுத்தபோது நடுவில் கை வைக்க முடியாத சூடு இருந்தது, அடுப்பில் கருகிய எண்ணெய் வாடையும் சேர்ந்து வந்தது. அன்றிலிருந்து துணியை வெளியே கம்பியில் விரித்துத் தொங்கவிடுகிறேன், முழுக்க விறைத்த பிறகுதான் குப்பைக்குப் போகும். மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீருக்குள் அமுக்கி வைப்பதும் சரி. ஆளி எண்ணெய் வாங்கும்போதே இதற்கும் ஒரு வழி செய்துவிட்டு வாங்குங்கள்.

டங் எண்ணெய் இதற்கு மூத்த உறவினர் மாதிரி, கொஞ்சம் முரடு. சீனத்தில் படகுகளுக்குப் பூசி வந்த எண்ணெய் இது. இதன் கொழுப்பு அமிலத்தில் 80 சதவீத அளவில் எலியோஸ்டியரிக் அமிலம். அதிலும் மூன்று இரட்டைப் பிணைப்புதான், ஆனால் ஒன்று விட்டு ஒன்றாக அடுத்தடுத்து நிற்கின்றன. அந்த அமைப்பால் வலை நெருக்கமாகப் பின்னுகிறது. காய்ந்த படலம் ஆளி எண்ணெயைவிடத் தண்ணீரை நன்றாகத் தாங்கும், காரத்தையும் ஓரளவு தாங்கும், அதிகம் மஞ்சளிக்காது. தண்ணீரில் ஊற வைத்தால் ஆளி எண்ணெய்ப் படலம் உப்பும், டங் படலம் அவ்வளவு உப்பாது. குறை என்னவென்றால் காயும்போது அதில் இன்னும் அதிகமாகச் சுருக்கம் விழும். தடிமன் கொஞ்சம் கூடினால் போதும், மேலே பனி படர்ந்த கண்ணாடி மாதிரி வெளுத்துவிடும். இன்னொன்று, 'டங் ஆயில் பினிஷ்' என்று எழுதியிருக்கும் டப்பாக்கள் பலவற்றில் இருப்பது வார்னிஷும் தின்னரும்தான், டங் எண்ணெய் பேருக்குக்கூட இல்லாமல் இருக்கலாம். சுத்த எண்ணெய் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வெறும் எண்ணெயாகவே விடுவதா, மெழுகு சேர்ப்பதா? வீட்டுக்குள் இருக்கும் கொல்லர் வேலைப் பொருள்களுக்கு, அதாவது கொக்கி, கைப்பிடி, விளக்குத் தண்டு போன்றவற்றுக்கு, மெழுகு சேர்த்தது மேல். ஆளி எண்ணெய், தேன்மெழுகு, கொஞ்சம் டர்பன்டைன் கலந்து, சூடான இரும்பில் தேய்ப்பது கொல்லர்களின் பழைய முறை. தேன்மெழுகு வேண்டாம் என்பவர்கள் கார்னோபா என்ற பனைமெழுகு எடுத்துக்கொள்ளலாம். அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும், அதனால் வெயிலில் இளகாது. இரும்பு எவ்வளவு சூடு என்றால், மெழுகு பட்டதும் உருகிப் பரவ வேண்டும், புகை எழக் கூடாது. டர்பன்டைனை நெருப்புக்குப் பக்கத்தில் கலக்கவே கூடாது. கையில் எடுத்துப் பார்த்தால் இரும்பின் கறுப்பு ஆழமாகத் தெரியும், பூச்சு இருப்பதே தெரியாது. அழகுக்காக நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். மழையில் நிற்கும் கதவுக்கு மட்டும் இது ஆகாது.

பல வருடம் நிற்க வேண்டுமென்றால்

இங்கே வெறும் எண்ணெய் போதாது. எண்ணெய் மட்டும் வெளியில் கிடந்தால் வெயில் அதைப் பொடியாக்கும், ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். நிறமி வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய இரும்புக் கட்டுமானங்கள் ஆளி எண்ணெயை நம்பித்தான் எழுந்தன. அதில் ரெட் லெட் என்ற ஈயச் செந்தூரத்தைக் குழைத்துப் பூசினார்கள். அது வெறும் நிறமல்ல. ஈயமும் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்து சோப்பாகி, அந்தச் சோப்பு இரும்பின் மேற்பரப்பையே துருவுக்கு மந்தமாக்கியது. எண்ணெயும் நிறமியும் சேர்ந்து மருந்தை உண்டாக்கிக்கொண்டன. அவ்வளவு நல்ல பிரைமர் (அடிப்பூச்சு) அது. ஆனால் ஈயம் விஷம், குழந்தைகளின் மூளைக்கு நேரடிக் கேடு. இன்று அதைத் தேடிப் போகாதீர்கள். பழைய இரும்பில் ஆரஞ்சு நிறப் பூச்சு அடியில் தெரிந்தால் உலர்ந்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

இப்போது எங்கும் கிடைக்கும் 'ரெட் ஆக்சைடு' வேறு. பெயரும் நிறமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே வேலை செய்யும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். ரெட் ஆக்சைடில் இருப்பது இரும்பு ஆக்சைடு. அது படலத்தை அடர்த்தியாக்கும், வெயிலைத் தாங்கும், துருவை எதிர்த்து வேறொன்றும் செய்யாது. இரும்பை மந்தமாக்கும் வேலைக்கு ஈயத்தின் இடத்தில் இன்று பரவலாக இருப்பது ஜிங்க் பாஸ்பேட். பிரைமர் டப்பாவில் அந்தப் பெயர் இருந்தால், வெறும் ரெட் ஆக்சைடைவிட அதையே எடுங்கள்.

சரி, அந்த டப்பாவுக்குள் இருக்கும் பிசின் எது? 'சிந்தெடிக் எனாமல்' என்று கேட்டு வாங்குகிறோமே, அதில் பெரும்பாலானவை ஆல்கிட். ஆளி, சோயா போன்ற தாவர எண்ணெய்களின் கொழுப்பு அமிலத்தைப் பாலியெஸ்டர் சங்கிலியில் கோத்துச் செய்த பிசின் அது. 1920-களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராய் கீன்லே இதை உருவாக்கிப் பெயரும் வைத்தார். பிசினில் எண்ணெயின் பங்கு 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 'லாங் ஆயில்', 40-க்குக் கீழே இருந்தால் 'ஷார்ட் ஆயில்'. பிரஷ்ஷால் பூசும் எனாமல்கள் பெரும்பாலும் லாங் ஆயில். அதாவது, தாவர எண்ணெய்ப் பூச்சு என்று எதையோ புதிதாகத் தேடுகிறவர் வீட்டு ஜன்னல் கம்பியில் அது ஏற்கெனவே இருக்கலாம். வெளிக் கதவு, கிரில், ஏணி மாதிரி சாதாரண இடங்களுக்கு ஜிங்க் பாஸ்பேட் ஆல்கிட் பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை என்பது பழைய ஆளி எண்ணெய் பெயிண்டைவிட நல்ல தேர்வு. நாட்கணக்கில் காத்திருக்க வேண்டாம், படலமும் இறுக்கம்.

பழைய ஆளி எண்ணெய் பெயிண்டுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அது காய்ந்த பிறகும் நீண்ட நாள் வளைந்து கொடுக்கும். வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தகட்டோடு கூடவே நகரும். வயதாகும்போது மேலே சுண்ணாம்பு மாதிரிப் பொடியாகுமே தவிர, பட்டை பட்டையாக உரியாது. ஒரு துடைப்பு, ஒரு கை எண்ணெய், மறுபடி புதிதாகிவிடும். பழைய இரும்பு வேலைப்பாடுகளைப் பராமரிப்பவர்கள் இன்னும் இதை விடாததற்கு இதுதான் காரணம்.

எண்ணெய் தோற்கும் இடம்

முன்னே சொன்ன காரத்துக்கு வருகிறேன். பூச்சில் ஒரு கீறல் விழுகிறது. கீறலில் இரும்பு கரைகிறது, கீறலை ஒட்டிய படலத்துக்கு அடியில் காரம் சேர்கிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும்? சோப்பு. சோப்புக் காய்ச்சுகிறவர் பாத்திரத்தில் செய்யும் அதே வேதிவினை படலத்துக்கு அடியில் நடக்கிறது. ஈரமான ஒரு கீறலின் ஓரத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். மற்ற இடத்தில் கல் மாதிரி இருக்கும் பூச்சு அங்கே மட்டும் மெத்தென்று கொடுக்கும், நகத்தோடு தோலாக வந்துவிடும். அடியில் இரும்பு பளபளப்பாகவே இருக்கும், துரு இருக்காது. பூச்சு அங்கே தன் பிடியை இழந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த மழையில் துரு அந்த இடத்தையும் எடுத்துக்கொள்ளும்.

தண்ணீருக்குள் மூழ்கி இருக்கும் இரும்பு, தொட்டியின் உட்புறம், மண்ணில் புதைந்த குழாய், ஈரமான சிமெண்டைத் தொட்டு நிற்கும் கம்பி, இவற்றுக்கெல்லாம் ஆளி எண்ணெயோ டங்கோ ஆல்கிட்டோ வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டுக்கும் இதே தடை உண்டு. துத்தநாகத்தின் மேல் உண்டாகும் காரமான உப்புகள் ஆல்கிட்டைச் சோப்பாக்கிவிடும். பூசியபோது அழகாகப் பற்றிய எனாமல், ஓரிரு வருடத்தில் தகட்டிலிருந்து காகிதம் மாதிரி உரிவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். பூசியவர் சரியாகத் தேய்க்கவில்லை என்று அவர் மேல் பழி போகும். பெரும்பாலும் தவறு பூச்சைத் தேர்ந்தெடுத்ததில்தான். ஜி.ஐ.க்கு அதற்கென்றே உள்ள பிரைமர் வேண்டும்.

கடற்காற்றும் அப்படித்தான். இரும்புப் பூச்சுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12944-இல் சூழலை சி1-இலிருந்து சி5 வரை, அதற்கும் மேலே சிஎக்ஸ் என்று பிரிக்கிறார்கள். சூடேற்றிய வீட்டு உள்ளறை சி1. உப்பு அதிகம் படியும் கடலோரம் சி5. எண்ணெய் வகைப் பூச்சுகள் நடுத்தரமான சி3 வரை நிம்மதியாக வேலை செய்யும், அதற்கு மேல் அடிக்கடி திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

அடிக்கடி திரும்பிப் போவதும் ஒரு வழிதான். ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலம் 1890-இல் திறக்கப்பட்டது. ஆளி எண்ணெயில் தொடங்கிய பாலம், நூறு வருடத்துக்கு மேல் பெயிண்ட் அடித்துக்கொண்டே காப்பாற்றப்பட்டது. ஒரு முனையில் முடித்தால் மறுமுனையில் ஆரம்பிக்க வேண்டும் என்று பழமொழியாகும் அளவுக்கு அந்த வேலை பேர்பெற்றது. 2002-இலிருந்து 2011 வரை பழைய பூச்சை முழுக்கச் சுரண்டி எடுத்து, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்சி (பிசினும் அதை இறுக்கும் பொருளும் சேர்ந்த இரண்டு டப்பாக் கலவை) பூசினார்கள். கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைகளுக்காக உருவான பூச்சு அது. இருபது வருடத்துக்கு மேல் தாங்கும் என்ற கணக்கில் செய்தது. ஐஃபல் கோபுரமோ இன்னும் ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒரு முறை, 60 டன் அளவு பெயிண்டோடு, ஆட்கள் ஏறிப் பிரஷ்ஷால் பூசும் முறையிலேயே நிற்கிறது. இரண்டு முடிவும் சரியானவை. திரும்பி வர ஆள் இருந்தால் ஒரு வழி, இல்லையென்றால் இன்னொரு வழி.

தாவர எண்ணெயும் வேண்டும், கடுமையான இடத்திலும் நிற்க வேண்டும்

இதற்கும் இரண்டு வழி உண்டு. இரண்டும் இரண்டு டப்பாக் கலவை.

ஒன்று, ஆமணக்கு. முன்னே சொன்ன ஹைட்ராக்சில் தொகுதி ஐசோசயனேட் என்ற வேதிப்பொருளோடு சேர்ந்தால் பாலியூரித்தேன் என்ற பிசின். வளையும், தேயாது, தண்ணீரைத் தாங்கும். ஆனால் ஐசோசயனேட் ஆவி மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். தெளிப்பானில் அடிப்பதென்றால் தகுந்த முகமூடியும் பயிற்சியும் உள்ளவர்தான் செய்ய வேண்டும். வீட்டு வேலையாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது, முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய். பருப்பு எடுத்த பிறகு ஒதுக்கும் ஓட்டில் இருக்கும் கறுப்பு நீர்மம். கையில் பட்டால் புண்ணாக்கும், அதை உரிப்பவர்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இதைக் காய்ச்சிப் பிரித்தால் கார்டனால் கிடைக்கும். அதிலிருந்து பினால்கமைன் என்ற எபாக்சி ஹார்ட்னர், அதாவது பிசினை இறுக்கும் பொருள், செய்கிறார்கள். கார்டனாலின் உடம்பில் பதினைந்து கார்பன் நீளத்துக்கு ஒரு எண்ணெய் வால் தொங்குகிறது. அது தண்ணீரை ஒதுக்குகிறது. இதனால் மற்ற ஹார்ட்னர்கள் திணறும் குளிரிலும், லேசான ஈரம் உள்ள இரும்பின் மேலும் இது இறுகும். கப்பல்களின் நீர்த்தொட்டிகளுக்கு இதைப் பூசுகிறார்கள். காரத்துக்குச் சோப்பாகும் இணைப்பு இதில் கிடையாது, எண்ணெய்ப் பூச்சுகளின் அந்தப் பெரிய பலவீனம் இதைத் தொடுவதில்லை. ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹார்ட்னர்தான் தாவரத்திலிருந்து வருகிறது, எதிர் டப்பாவில் இருக்கும் எபாக்சி பிசின் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்தது. முழுக்கத் தாவரம் என்று யாராவது விற்றால் கேள்வி கேளுங்கள். வெயில் நேராகப் படும் இடத்தில் எபாக்சி வெளுத்துப் பொடியாகும், மேலே வேறொரு பூச்சு வேண்டும்.

தாவரம் என்றதும் தீங்கில்லாதது என்று நினைப்பதும் தவறு. ஆளி எண்ணெய் டிரையரில் கோபால்ட் உண்டு, டர்பன்டைன் ஆவி தலைவலி தரும், முந்திரி ஓட்டு நீர்மம் தோலை எரிக்கும். கையுறையும் காற்றோட்டமும் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

கையில் இருக்கும் பொருளை வைத்து முடிவெடுக்க

உளி, இழைப்புளியின் அடிப்பக்கம் மாதிரி வெட்டும், வழுக்கும் பரப்புகளுக்கு ஆமணக்கு எண்ணெயை மெலிசாகத் துடைத்து வையுங்கள், பயன்படுத்திய ஒவ்வொரு முறையும். குறடு, கத்தரி, பூட்டு, கீல் எதற்கும் காயும் எண்ணெய் கூடாது. அசையும் மூட்டுக்கு மசகு எண்ணெய்தான் சரி, தாவர எண்ணெய்க்கு அங்கே வேலையில்லை. சுத்தியல் தலை, மண்வெட்டி, அலங்கார இரும்பு, இவற்றுக்கு ஆளி எண்ணெய், வீட்டுக்குள் என்றால் மெழுகு சேர்த்து. மழையில் நனைந்து நனைந்து காயும் சின்னப் பொருளுக்கு டங். கதவு, கிரில்லுக்கு ஆல்கிட். கதவின் அடி விளிம்பு, பற்றவைத்த மூலை, தகடும் தகடும் ஒட்டிய இடுக்கு ஆகிய இடங்களில் பிரைமருக்கு முந்தைய வாரமே பச்சை ஆளி எண்ணெய் ஒரு கை ஊறவிட்டு, மேலே நிற்பதைத் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு மற்றதைப் பூசுவேன். கதவு முதலில் சாவது எப்போதும் அந்த அடி விளிம்பில்தான். தொட்டி, கடலோரம், ஏறிப் போக முடியாத உயரம் என்றால் முந்திரி ஓட்டு ஹார்ட்னர் கலந்த எபாக்சி, அதுவும் மணல் அடித்துச் சுத்தம் செய்த இரும்பில்.

எதைப் பூசினாலும் அதற்கு முன் நல்ல தண்ணீரால் ஒரு கழுவல். உப்பு கண்ணுக்குத் தெரியாது. உப்பின் மேல் பூசினால் படலம் வழியாகத் தண்ணீரை அது உள்ளே இழுத்து, கொப்புளமாக எழுப்பும். கழுவி, உடனே காய வைத்து, அதே நாளில் பூசுங்கள்.

இரண்டு பூச்சுக்கு நடுவே மனம் ஊசலாடினால் ஆய்வுக்கூட உப்புப்புகைச் சோதனையின் மணிக்கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அந்தச் சோதனையில் 35 டிகிரியில் ஐந்து சதவீத உப்புநீரை விடாமல் தெளிக்கிறார்கள். வெயில் இல்லை, காய்ந்து நனையும் மாற்றம் இல்லை. எண்ணெய்ப் பூச்சுகள் வாழ்வதும் சாவதும் அந்த மாற்றத்தில்தான். அதைவிட, ஒரே தகட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை எடுத்து, துண்டுக்கொரு பூச்சு பூசி, முழுக்கக் காய்ந்ததும் ஆணியால் இரும்பு தெரியும்வரை ஒரு குறுக்குக் கீறல் போட்டு, நீங்கள் பூசப்போகிற பொருள் நிற்கும் இடத்திலேயே கட்டித் தொங்கவிடுங்கள். ஒரு மழைக்காலம் போனதும் கீறலின் இரண்டு பக்கமும் நகத்தால் அழுத்திப் பாருங்கள். எவ்வளவு தூரத்துக்குப் பூச்சு இளகி வருகிறதோ, அதுதான் அந்த இடத்துக்கான பதில். துண்டின் பின்பக்கத்தில் எண்ணெயின் பெயரையும் பூசிய தேதியையும் ஆணியாலேயே கீறி வைத்துவிடுங்கள். மார்க்கரில் எழுதினால் மழைக்கு அழிந்துவிடும்.